முதல் நான்கு மாதம்: கடலூர்ப் பக்கம் ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து போகும் ஓர் ஊரில் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் 31 பிள்ளைகள். எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, கடற்கரை ஊர் எதுவும் தெரியாது.

சேர்ந்த இரண்டாவது வாரம், வீட்டுப்பாடத்துக்குத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னேன். மூன்று நாள் கெடு கொடுத்தேன். நான்காம் நாள் ஏழு பேர் கையில் நோட்டு இல்லை. முதல் பீரியட் முழுக்க அவர்களை நிற்க வைத்தேன். அதில் ஒரு பையன் தலை குனியவும் இல்லை, அழவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே நின்றான். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் சத்துணவு சமைக்கிற அக்காதான் சொன்னார்: "அவங்கப்பா போட்டுக்குப் போறவரு டீச்சர். தடைக்காலம் இன்னும் முடியலயே. ரெண்டு மாசமா வூட்ல காசு ஏது?"

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். அந்த வீடுகளில் காசு வற்றிப்போயிருக்கும் வாரங்களும் நாம் நோட்டு, அட்டை, பேனா என்று கேட்கும் வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. ஆசிரியர் பயிற்சியில் கற்பித்தல் முறைகளைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். இந்த இரண்டு தேதிகளை யாரும் சொல்லித் தரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்த ஏழு பேரிடமிருந்து தொடங்குகிறது. முதல் சில மாதங்களில் போர்ஷன் கொஞ்சம் பின்தங்கினால் அப்புறம் பிடித்துவிடலாம். எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது, எதை வாசிக்கத் தெரிந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1. சேரும் நாள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணி நியமன ஆணை, அசல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நகல், மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பணியேற்பு அறிக்கையில் முற்பகலா பிற்பகலா என்பதைத் தெளிவாக எழுதுங்கள், பின்னாளில் அது கணக்கில் வரும். பணிப் பதிவேடு திறக்கும்போது பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் உங்கள் கண்ணாலேயே சரிபாருங்கள். அதில் ஒரு புள்ளி தவறினால் திருத்துவதற்குள் படாத பாடு படுவீர்கள். முதல் சம்பளம் கைக்கு வரத் தாமதமாகலாம். என்னோடு சேர்ந்த பலருக்கும் அப்படித்தான் ஆயிற்று. இரண்டு மூன்று மாதச் செலவுக்கு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் ஹெச்.எம்., உங்களுக்கு முன்னால் அந்த வகுப்பை வைத்திருந்த ஆசிரியர், சத்துணவு சமைக்கும் அக்கா. மூன்றாவது ஆளை விட்டுவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

2. முதல் வாரம் பெயர்கள்

வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளைக்கு நான்கு பக்கம் என்று ஒதுக்கினேன். முதல் பக்கத்தில் பெயர், வீட்டுப் பெயர், யாரோடு இருக்கிறார்கள், அப்பா அம்மா என்ன வேலை, காலையில் எழுப்பி அனுப்புவது யார் என்று எழுதினேன். கடைசிக் கேள்விதான் நிறையச் சொல்லும். என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளை அனுப்பி வைப்பது ஆயாதான், அதாவது பாட்டி. நான் அதுவரை டைரியில் "அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். அப்பா இல்லாத பிள்ளை 30 பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டிவரும். சாப்பாட்டு நேரத்தில், மரத்தடியில், நோட்டு அடுக்க உதவிக்கு வரும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டால் தானாகச் சொல்வார்கள்.

3. இரண்டு நிமிட வாசிப்பு

இந்தப் படியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்றாலும் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர் என்று வைத்தால் எட்டே நாளில் முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பாடத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு விரலை மட்டும் வரி மேல் ஓட்டும் பிள்ளைகள் உண்டு. கேட்பதற்கு அழகாக இருக்கும். அந்தப் பக்கத்தின் கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள், உடனே தெரிந்துவிடும். ஜன்னல் பக்கம் பார்த்து நின்ற பையன் "நல்லா வாசிப்பான்" என்று எல்லோரும் சொன்னவன். கடைசி வரியைக் காட்டியதும் நின்றுவிட்டான். ஐந்தாம் வகுப்பில் அவனுக்குக் கொம்பும் காலும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "கெ", "கே", "கொ" மூன்றும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. நான்கு ஆண்டு வகுப்பில் உட்கார்ந்து, காதால் மட்டுமே கேட்டு, அத்தனை பாடத்தையும் நெஞ்சில் ஏற்றி வைத்திருக்கிறான். எவ்வளவு உழைத்திருக்க வேண்டும் அந்தப் பிள்ளை! அதை நினைத்து அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுத்தில் பார்க்க வேண்டியவை: ஒற்றெழுத்தில் புள்ளி விடுகிறார்களா, நெடிலுக்கும் குறிலுக்கும் வேறுபாடு தெரிகிறதா, ர-ற, ல-ள-ழ, ன-ண குழப்பம் எவ்வளவு. இந்தக் கடைசிக் குழப்பத்துக்காக முதல் மாதமே சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பாதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க வந்த பிறகு அது மெல்லச் சரியாகும்.

கணக்குக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: 52-இல் 37-ஐக் கழி. விடை 25 என்று எழுதினால், மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள். பத்துகள், ஒன்றுகள் மனதில் பதியவில்லை என்று பொருள். அவர்களுக்கு நான்கு இலக்கப் பெருக்கல் நடத்துவது வீண். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டு ஒன்றைப் பிரித்துக் கடன் வாங்கிக் காட்டுங்கள். ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அரசுப் பள்ளியில் சேர்கிறவர்களுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கி, 2023-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பார்க்கச் சொல்லும் திட்டம். நல்ல ஏற்பாடு. ஆனாலும் அந்தப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஆரம்ப நிலையான அரும்பில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூச்சம் அதிகம். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை எல்லோர் முன்னாலும் கொடுக்காதீர்கள். நான் எழுத்து அட்டைகளைப் பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். அதில் என்ன வகுப்பு என்று போட்டிருக்காது.

4. வீட்டுச் சொல்லும் புத்தகச் சொல்லும்

புத்தகத்தில் நிலக்கடலை என்று இருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது மல்லாட்டை. மேற்கிலிருந்து வீசுவது கோடைக் காற்று என்று பாடம் சொல்லும். கடற்கரைப் பிள்ளை "அது கச்சான் மிஸ்" என்று சொல்லும். அதைத் தப்பு என்று சொன்னால் அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. கரும்பலகையில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பரீட்சையில் எழுத வேண்டியது எது என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் பிரித்துப் புரியும். காற்றுப் பாடம் நடத்திய அன்றைக்கு எந்தக் காற்றில் அலை எப்படி எழும் என்று மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் வகுப்புக்குச் சொன்னார்கள். நோட்டு இல்லாமல் நின்ற ஏழு பேரில் நான்கு பேர் அதில் இருந்தார்கள்.

5. சத்தமும் அடக்கமும்

முதல் மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டே இருந்தது. கத்தக் கத்தப் பிள்ளைகளும் கூடவே சத்தத்தை ஏற்றுவார்கள். சுக்குத் தண்ணீரால் சரியாகாது, பழக்கத்தை மாற்ற வேண்டும். எனக்குக் கைகொடுத்தவை இவை. கைதட்டும் ஒரு தாளம்: நான் மூன்று தட்டினால் அவர்கள் இரண்டு தட்டி நிறுத்த வேண்டும். சொல்ல வேண்டியதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வது. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயரைக் கூப்பிடாமல் பக்கத்தில் போய் நின்று பாடத்தைத் தொடர்வது. துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்குப் பொறுப்பு கொடுப்பது. சாக்பீஸ் டப்பா, தண்ணீர்க் குடம், டஸ்டர் தட்டுவது என்று எதுவானாலும் சரி.

அடிக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. "ரெண்டு போடுங்க டீச்சர், கண்ண மட்டும் விட்டுட்டு" என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். அப்போதும் மறுத்துவிடுங்கள். ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்ததும் தண்டனைதான் என்பது எனக்குச் சமையல் அக்கா பேசிய பிறகுதான் உறைத்தது.

தப்பு நடந்துவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. மறுநாள் பிரேயர் முடிந்து வந்ததும், "உங்கள ஏழு பேரையும் நிக்க வெச்சது என் தப்பு. ஏன் வாங்கலன்னு நான் கேட்டிருக்கணும்" என்று வகுப்பு முன்னாலேயே சொன்னேன். ஆசிரியர் இறங்கிப் போனால் வகுப்பு கையை மீறிவிடும் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கவலைப்பட்டார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அலமாரியில் பத்து நோட்டு, ஒரு டப்பா பென்சில் இருக்கும். இல்லாதவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். மாதம் நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

6. ஒரே அறையில் இரண்டு வகுப்பு

ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற வகுப்புக்குக் கையில் வேலை இருக்க வேண்டும். "சும்மா படிங்க" என்பது வேலை ஆகாது. நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் 20 நிமிடத்துக்கு ஐந்தாம் வகுப்புக்கு ஐந்து கேள்வியைக் கரும்பலகையின் வலது பாதியில் முன்பே எழுதி வைத்துவிடுவேன். தமிழில் பாட்டும் கதையும் இரண்டு வகுப்புக்கும் சேர்த்தே நடத்தலாம், கேள்வியை மட்டும் பிரித்துக் கேளுங்கள். மாலையில் கடைசி பீரியட் யாருக்கும் கவனம் நிற்காது. அதைப் படம் வரைவதற்கும், சத்தமாகக் கதை வாசிப்பதற்கும் விட்டுவிடுங்கள்.

7. ஊரின் நாட்காட்டி

பள்ளி நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஊரின் நாட்காட்டியையும் எழுதி மாட்டுங்கள். கடலூர் மாவட்டத்தில் நீங்கள் எங்கே போய்ச் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

கடற்கரை என்றால் தடைக்காலம் சொன்னேன். ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் போய் ஓரிரு வாரத்தில் வீடுகள் கொஞ்சம் தெளியும். பணம் கேட்கும் எதையும் ஜூலைக்குத் தள்ளுங்கள்.

பண்ருட்டி, காடாம்புலியூர், விருத்தாசலம் பக்கம் என்றால் மார்ச் முதல் மே வரைக்கும் முந்திரி. பெரியவர்கள் விடியலிலேயே கொல்லைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளும் கொட்டை பொறுக்கப் போவார்கள். ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பெஞ்சு காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம். முக்கியமான பாடங்களைப் பிப்ரவரிக்குள் முடிப்பது நல்லது. பண்ருட்டியில் பலாவும் அதை ஒட்டியே வரும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடை, அதன் பிறகு உளுந்து, பயறு எடுப்பு. நெய்வேலியிலும் சிப்காட் பக்கமும் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவைக் காலை பத்து மணிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்?

அப்புறம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில் கடலூருக்கு எத்தனை நாள் விடுமுறை விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015-இல் வெள்ளம். பெரியவர்கள் இன்றைக்கும் வயதைக் கணக்கிடுவது இவற்றை வைத்துத்தான். இரண்டாம் பருவத்துப் பாடத்தில் கடினமானதை மழைக்கு முன்னாலேயே வையுங்கள். நவம்பரில் பாதி வகுப்புத்தான் வந்திருக்கும். அன்றைக்குப் புதுப்பாடம் எடுத்தால் மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். வந்த பிள்ளைகளை வைத்து வாசிப்பு நடத்துங்கள். சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கும் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம்.

இன்னொன்று எல்லைப் பிரச்சினை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் போனால் முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடும். பாகூர்ப் பக்கமும் கடலூர்ப் பக்கமும் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் நிறைய. வேலைக்காக மாறி மாறிக் குடியிருப்பார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், அங்கிருந்து நடுவில் வரும் பிள்ளைக்குப் புத்தகமே புதிது. டி.சி.யை வாங்கி வைத்ததோடு விடாமல் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

8. பெற்றோர்

பிள்ளையைப் பற்றி முதல்முறை சொல்லி அனுப்புவது புகாராக இருக்கக் கூடாது. அதற்காகவே ஜூலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி சொல்லி அனுப்பினேன். முடிந்தால் நேரில் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோரைக் கூட அழைத்துப் போனால் தெருவில் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள்.

ஓர் அம்மா நான் எத்தனை முறை கூப்பிட்டும் பள்ளிக்கு வரவே இல்லை. வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. சுனாமி வந்த 2004-இல் அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்திருக்கிறார். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. "உள்ள வந்தா என்னையும் படிக்கச் சொல்வீங்களோன்னு இருக்கும் டீச்சர்" என்றார். இப்போது அவர் பெண் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். அதையே அந்தப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன்.

9. சாப்பாட்டு நேரம்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் பிள்ளைகளோடு இருங்கள். யார் இரண்டாம் தடவை கேட்கிறார்கள், யார் தட்டை மறைத்துச் சாப்பிடுகிறார்கள், யார் ஒதுங்கி உட்காருகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். திங்கட்கிழமை காலையில் அவசரமாகச் சாப்பிடும் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறு வீட்டில் எப்படி இருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உங்களால் தீர்க்க முடியாத விஷயமும் கண்ணில் படும். உடம்பில் தழும்பு, திடீரென்று ஒடுங்கிப்போவது, வீட்டுக்குப் போகப் பயப்படுவது. அப்படியானால் நீங்களே துப்பறியக் கிளம்பாதீர்கள், மூடி மறைக்கவும் செய்யாதீர்கள். ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது தடுத்தாலும் அந்தக் கடமை உங்களை விட்டுப் போகாது.

10. பதிவேடுகள்

பாடக்குறிப்பேட்டை வெள்ளிக்கிழமை மதியமே எழுதி முடியுங்கள், ஞாயிறு மிஞ்சும். எமிஸ் (கல்வித் துறையின் இணையவழிப் பதிவேடு) வருகையைக் காலை முதல் பீரியடிலேயே போட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது வேப்பமரத்தடியில் மட்டும்தான். உங்கள் பள்ளியில் அப்படி ஓர் இடம் எது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பெண் பதிவேட்டில் மதிப்பெண் போட்ட அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்தால் நல்லது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு நான்கையாவது மீதி வையுங்கள்.

11. காலாண்டு முடிந்து வரும்போது

காலாண்டு விடுமுறை கழித்துப் பள்ளி திறந்த முதல் வாரம், ஜூனில் வைத்த அதே இரண்டு நிமிட வாசிப்பை மறுபடி வையுங்கள். அதே புத்தகம், அதே பக்கம், கடைசி வரியிலிருந்து. 200 பக்க நோட்டில் ஜூன் குறிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் இன்றைய தேதி போட்டு எழுதுங்கள். காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துச் சோர்ந்து போயிருந்த எனக்கு அந்த வாரம்தான் தெம்பு வந்தது. 31 பேரில் 11 பேர் ஜூனில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள். அக்டோபரில் அது நான்கு பேர் ஆகியிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்து நின்ற பையன் கடைசி வரியைத் திக்கித் திக்கி முடித்துவிட்டு, நான் சொல்லாமலே அதற்கு மேல் வரியையும் வாசித்தான். "கொ" வந்த இடத்தில் மட்டும் நின்று, விரலால் கொம்பையும் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

அந்த நோட்டுக்கு அக்டோபருக்குள் பிளாஸ்டிக் அட்டை போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். எங்கள் அறையில் கூரை ஒழுகும் இடம் முதல் மழையன்றுதான் தெரிந்தது. கீழ்த்தட்டில் இருந்த எல்லாமே நனைந்துவிட்டது.